ரெண்டு நோட்டு வைத்துக்கொண்டு சபைக்குப் போகலாமா?

கேள்வி (சுருக்கித் தந்திருக்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்):

திருப்பூர் பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து 30 பேர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறோம், வாரத்துக்கு 18,000 பீஸ் போல. வாரத்தில் நாலு நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஷிப்டுக்கு 500 ரூபாய், அரை ஷிப்டுக்கு 250. ரோலில், அதாவது அரசுக்குக் காட்டும் ஆள் பட்டியலில், இருப்பது 12 பேர்தான். அடுத்த வாரம் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறார்கள். எட்டு மணி நேரம்தான் ஓடுகிறது என்பதுபோல் தனியாக ஒரு வருகைப் பதிவேடு எழுதி வைக்கும்படி கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். ஆடிட்டர் கேட்டால் ஆட்கள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளும் டைப் அடித்துக் கொடுத்தார். அதை வாசித்துக் காட்டியபோது செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா, எங்கள் சபைதான், "ஏனுங்க, அஞ்சரைக்கே வூட்டுக்குப் போயர்றோம்னு சொல்லோணுமாக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், கட்டட நிதிக்கு ஒரு பெரிய தொகையும் பொருத்தனை செய்திருக்கிறேன். மறுத்தால் ஆர்டர் போய்விடும், 30 குடும்பம் நிற்கும். வேதபாடத்தில் ஒருவர், எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனிடம் பொய் சொல்லியும் தேவன் அவர்களுக்கு நன்மை செய்தாரே என்கிறார். மச்சான், பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டுகிறார். இது பாவமா? பேசாமல் தொழிலையே விட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, முதலில் நேரான பதில். அந்தப் பதிவேட்டை எழுதாதீர்கள். அந்தத் தாளையும் இனி யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள், பாவம்தான். ஆனால் நீங்கள் கை வைத்துக் காட்டுகிற இடத்தில் மட்டும் இல்லை. நான் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன், உங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமை வேதத்தோடு சபைக்குப் போகிறவன். இரண்டையும் வைத்துத்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த அக்கா கேட்ட கேள்வி. நீங்கள் ஒரு பொய்யை எழுதினால் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது நீங்கள். அவர் வாயால் சொல்லப்போகும் பொய்க்கு? சனிக்கிழமை உங்கள் கையால் சம்பளம் வாங்குகிறவர், வீட்டு வாடகையும் பிள்ளைக்கு ஃபீஸும் அந்தக் கவரை நம்பித்தான் இருக்கிறது, முடியாது என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் ஆகாது, அதனால்தான் கேள்வியாகக் கேட்டார். சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் போடுவது நலம் என்று இயேசு சொன்னதை (மத்தேயு 18:6) நாம் பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகளுக்கு செல்போன் பற்றிப் பேசும்போதுதான் எடுக்கிறோம். உங்கள் செக்கிங் டேபிளுக்கு அது இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. ஒருவருடைய வயிறு நம் கையில் இருக்கும்போது அவரைப் பொய் சொல்ல வைப்பது நாமே பொய் சொல்வதைவிடக் கனமான காரியம் என்பது என் எண்ணம்.

மருத்துவச்சிகள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நியாயத்தை நானும் பல இடங்களில் கேட்கிறேன். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராளும் பூவாளும் யாரிடம் பேசினார்கள்? பிறக்கிற ஆண் பிள்ளைகளையெல்லாம் கொன்றுபோடச் சொன்ன ராஜாவிடம். அவர்களுடைய பதில் குழந்தைகளைக் காப்பாற்றியது, ஆபத்து அவர்கள் தலைமேல் வந்தது. உங்கள் கதையில் ஆடிட்டர் பார்வோன் இல்லையே. ஆட்களுக்கு எத்தனை மணி நேர வேலை, சம்பளம் சரியாக வருகிறதா, தீப்பிடித்தால் வெளியே போக வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் அவர் வருகிறார். அவரிடம் சொல்லப்படும் பொய் யாரைக் காப்பாற்றுகிறது? உங்களையும் உங்களுக்கு மேலே இருக்கும் கம்பெனியையும். ஆபத்து இடம் மாறி ஆட்கள் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து இதை நியாயப்படுத்த முடியாது.

இந்த ஆடிட் எல்லாம் வெறும் கண்துடைப்பு என்று மேனேஜர் சொல்லக்கூடும். பல இடத்தில் அப்படி ஆகிவிட்டது உண்மைதான், ஆனால் ஆனதற்குக் காரணமே இப்படிப்பட்ட தாள்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற துணி ஆலையில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் அடைப்பு. தீ எப்படி வந்தது என்பது தனி வழக்கு, நாச வேலை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அத்தனை பேர் வெளியே வர முடியாமல் போனது கட்டடத்தால். அந்த ஆலைக்கு அதற்குச் சில வாரம் முன்புதான் எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சான்றிதழ் சுவரில் இருந்தது, ஆட்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள். உங்கள் யூனிட்டில் பீஸ் கட்டுகளைப் பின் வாசலில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஆடிட்டுக்காக இல்லை.

சரி, இப்போது நீங்கள் கேட்காத இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது நோட்டு ஏன் தேவைப்படுகிறது? முதல் நோட்டை வெளியே காட்ட முடியாது என்பதால். அது ஏன் முடியாது என்பதுதான் நாம் ஜெபத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய கேள்வி, நோட்டு எழுதுவதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான்.

ஒன்றரை ஷிப்ட் என்பது திருப்பூரில் தண்ணீர் குடிப்பதுபோல் ஆகிவிட்டது, காலை எட்டரைக்கு வந்தால் இரவு எட்டரை, அதை யாரும் ஓவர்டைம் என்றே சொல்வதில்லை. சட்டம் அதை ஓவர்டைம் என்றுதான் பார்க்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே உண்டு, 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 500 என்றால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு, இரட்டை என்றால் 125, அரை ஷிப்டை நாலு மணி நேரமாகக் கணக்கிட்டால் 500 ரூபாய். நீங்கள் கொடுப்பது 250. ஒரு ஆளுக்கு ஒரு மாலைக்கு 250 ரூபாய் குறைகிறது, வாரத்தில் நாலு மாலை என்றால் 1,000, முப்பது பேருக்கு 30,000. வாரா வாரம்.

யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் நாலாம் வசனத்தில், வயலை அறுத்தவர்களுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டியது என்று இருக்கிறது. அங்கே சத்தம் போடுவது கூலிப் பணம். ஆட்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அந்தப் பணம் பேசுகிறது. உபாகமம் 24:14, 15 இன்னும் ஒரு படி மேலே போய், ஏழையான கூலிக்காரன் உன் சகோதரனாக இருந்தாலும் சரி, உன் வாசல்களில் உள்ள அந்நியனாக இருந்தாலும் சரி, அவன் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது. உங்களிடம் ஒடிசா, பீகார் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை, திருப்பூரில் இல்லாமல் இருக்காது. தமிழ் தெரியாத, இங்கே சொந்தம் இல்லாத அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லாத குறையாக மோசே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்றரை ஷிப்ட் இல்லாத கம்பெனிக்கு ஆளே வராது, அவர்களே கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மை. ஆனால் அவர்கள் கேட்பது இரவு எட்டரை மணியை இல்லை, வாரக் கடைசியில் வரும் அந்தக் கூடுதல் 1,000 ரூபாயை. இரட்டைக் கூலி கொடுத்தால் இரண்டு மாலையிலேயே அந்த 1,000 கிடைத்துவிடும், மீதி இரண்டு மாலை பிள்ளைகளோடு இருக்கலாம். கூப்பிட்டு வைத்துக் கேட்டுப் பாருங்கள், எதை எடுப்பார்கள் என்று. 30 குடும்பத்துக்காகத்தான் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த 30 பேரிடம் இதை ஒருமுறையாவது பேசியதாகக் கடிதத்தில் இல்லை.

இந்தப் பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி, மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். 30,000-ஐ 18,000 பீஸால் வகுத்துப் பாருங்கள், பீஸுக்கு 1 ரூபாய் 67 காசு. ஒரு பனியனில் இரண்டு ரூபாய்கூட இல்லை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கம்பெனி முதலாளியைப் பாருங்கள், மேனேஜரை இல்லை. முழுதும் தர மாட்டார்கள், தெரியும். பாதி அவர்கள் ஏற்றினால் மீதியை மாலை ஓட்டத்தைக் குறைத்துச் சமாளிக்க முடியுமா என்று பார்க்கலாம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்கள் கூலிக்கு நெய்கிறவர்கள்தான், ஒன்றாகச் சேர்ந்து தறியை நிறுத்தி எத்தனையோ முறை கூலி உயர்வு கேட்டிருக்கிறார்கள். ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் தனித்தனியாக ரேட்டைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிடுவதால்தான் கடைசியில் அது டெய்லர் சம்பளத்தில் வந்து விழுகிறது. உங்கள் சபையிலேயே நாலைந்து யூனிட்காரர்கள் இருப்பார்கள், இந்த விஷயத்துக்காக ஒருநாள் உட்கார்ந்திருக்கிறீர்களா?

இன்னொன்று, உங்களுக்கு வர வேண்டிய பணமும் இழுத்தடிக்கப்படுகிறது என்றால் அதையும் கேளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால், சிறு, குறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி. உங்கள் கூலியைப் பிடித்து வைக்கிறவர்களைப் பற்றியும் யாக்கோபு எழுதியதுதான் அது.

அப்புறம் ரோல். 30 பேரில் 12 பேர்தான் கணக்கில் என்றால் 18 பேருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக் கார்டு இல்லை, பி.எஃப். அநேகமாக யாருக்குமே இல்லை. 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப்., அதனால் 12-ல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. மாதம் 13,000 வாங்கும் ஒருவருக்கு இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், 423 ரூபாய். அவர் பங்கு 98. இந்த 423 ரூபாய்தான் ஊசி விரலில் ஏறி எலும்பில் முறிந்து நின்றாலோ, பிரசவம் வந்தாலோ, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கும் நடுவே நிற்கிறது. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, நீங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை. ஒருவர் சேர்ந்தால் 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நாளைக்கே 18 பேருடைய ஆதாரையும் வாங்கி வேலையைத் தொடங்குங்கள். பி.எஃப். பாரம் இதைவிடப் பெரியது, நீங்கள் 12 சதவீதம், அவர்கள் 12 சதவீதம், ஆட்களே பிடித்தம் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியது உங்கள் கடமை. ஏற்கெனவே யாரிடமாவது பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் அதை மட்டும் இன்றைக்கே கட்டுங்கள், அது சட்டத்தில் நம்பிக்கை மோசடி.

இங்கேதான் உங்கள் பொருத்தனையைப் பற்றிச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகும், எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவோம். அதே சனிக்கிழமை அவருடைய யூனிட்டில் சம்பளம் போட்டாயிற்றா, எவ்வளவு போட்டார் என்று கமிட்டியில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பலிபீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்பது மத்தேயு 5:24. உங்கள் பேரில் குறை வைத்திருக்கும் சகோதரர்கள் 30 பேர் இருக்கிறார்கள், வாரத்துக்கு 30,000 அளவுக்கு. ஆயரிடம் போய், பொருத்தனைத் தொகை கொஞ்சம் தாமதமாகும், ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லுங்கள். நல்ல ஆயர் என்றால் சந்தோஷப்படுவார்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. ஆடிட்டுக்கு முன்பே கம்பெனி முதலாளியிடம் தனியாகப் போய், பொய் நோட்டு எழுத முடியாது, இருக்கிறதை இருக்கிறபடி காட்டுகிறேன், சரிசெய்ய இதுதான் என் திட்டம் என்று சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் அவர்களை மாட்டிவிடுவது முறையில்லை, உன் சகோதரன் குற்றத்தைத் தனித்திருக்கையில் உணர்த்து என்பது இதற்கும் பொருந்தும். ஒரு நடைமுறை விஷயமும் சொல்கிறேன், இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். நேரம் கூடுதலாக ஓடுகிறது என்று தெரிந்தால் பெரும்பாலான பையர்கள் உடனே ஆர்டரைப் பிடுங்குவதில்லை, எதை எந்தத் தேதிக்குள் திருத்த வேண்டும் என்று எழுதிக்கொடுத்துத் திரும்ப வந்து பார்ப்பார்கள். பதிவேடே பொய் என்று தெரிந்தால்தான் நம்பிக்கை மொத்தமாகப் போகும். தெரியாமல் போகவும் வாய்ப்புக் குறைவு. அனுபவம் உள்ள ஆடிட்டர் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை, ஊசி முறிந்தால் எழுதும் நோட்டில் இரவு ஏழே முக்கால் என்று இருக்கும், டெலிவரி சலானில் தேதி இருக்கும், எத்தனை மிஷினுக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கு எட்டு மணி நேரத்தில் அடங்காது.

ஆட்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், அதனால் யாருக்கும் வேலை போகாது. சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். யார் என்ன சொன்னார் என்று ஆடிட் முடிந்த பிறகு விசாரிக்காதீர்கள்.

ஆர்டர் போய்விட்டால்? போகலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் எப்படி ஆடிப்போனது என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பயம் இன்னும் எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. உண்மையாக இருந்தால் தேவன் இரட்டிப்பாய்த் தருவார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிப்பார், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்றுதான் தானியேல் புத்தகத்தில் வரும் அந்த மூன்று வாலிபரும் ராஜாவிடம் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து, ஆர்டர் நின்றால் மூன்று மாதம் எதைக் கொண்டு ஓட்டுவது என்று மனைவியோடு பேசுங்கள். மச்சானையும் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள், அவருக்கு உங்கள்மேல் அக்கறை இருப்பதால்தான் திட்டுகிறார். காதர்பேட்டை உள்நாட்டு வியாபாரத்துக்குத் தைத்துக் கொடுப்பதும் ஒரு வழி, ஆனால் அங்கே ஆடிட் வராது என்பதற்காகப் போகாதீர்கள். அங்கேயும் மணிக்கணக்கு இதேதான், கூலிக்கணக்கும் இதேதான்.

தொழிலை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது ஆயத்துறையை மூடிவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே என்றார். சேவகரிடம், உன் சம்பளம் போதுமென்று இரு, ஒருவரையும் இடுக்கண் செய்யாதே என்றார் (லூக்கா 3). வேலையை மாற்றச் சொல்லவில்லை, வேலை செய்யும் விதத்தை மாற்றச் சொன்னார். நீங்கள் மூடிவிட்டால் அந்த 30 பேரும் வேறு இடத்தில் இதே ஒன்றரை ஷிப்டுக்குத்தான் போவார்கள்.

பழைய பாக்கிக்கு என்ன செய்வது என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், யாரும் அவனைக் கேட்கும் முன்பே. உங்களை நாலு மடங்கு கேட்கவில்லை. பழைய நிஜ நோட்டு, அந்த முதல் நோட்டு, பத்திரமாக இருக்கிறதல்லவா? அதைக் கிழித்துவிடாதீர்கள். கடைசி ஒரு வருடத்துக்கு யார் யார் எத்தனை மாலை உட்கார்ந்தார்கள் என்று எடுங்கள், வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து. மொத்தத் தொகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தீபாவளி போனஸோடு கொஞ்சம், மாதா மாதம் கொஞ்சம் என்று பிரித்து, இது பரிசு இல்லை, உங்களுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி என்று சொல்லியே கொடுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பழைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் வரும், அதை ஒளிக்காமல் ஒரு ஆலோசகரை வைத்து நீங்களாகவே போய்க் கட்டுவது, அவர்கள் வந்து கண்டுபிடிப்பதைவிட எல்லா வகையிலும் லேசு.

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பதை நிறுத்த வேண்டாம். கமிட்டி பதவி பற்றி ஆயரிடம் எல்லாவற்றையும் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். ஆடிட் முடிந்ததும் எழுதுங்கள், நிஜ நோட்டின் நகலும் 12 பேருடைய இ.எஸ்.ஐ. பட்டியலும் அனுப்பினால் பாக்கிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.